ஆயாவின் பெயர் யாருக்குச் சொந்தம்?

போன வருடம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை சித்தப்பா போன் செய்தார். "பாப்பா, வக்கீல் நோட்டீசு வந்துகீது. முழுக்க இங்கிலீஷ். நீ வந்து படிச்சிச் சொல்லு."

வாடகை பாக்கி விவகாரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் தாம்பரத்திலிருந்து பஸ் ஏறினேன். நாகல்கேணியில் ஒரு சந்துக்குள் சித்தப்பாவின் பட்டறை இருக்கிறது. பத்துக்குப் பதினெட்டு அடியில் ஒரு ஹால், இரண்டு தையல் மெஷின், ஐந்து பேர் வேலை. தோல் செருப்பும் கைப்பையும் செய்கிறார்கள். உள்ளே போனால் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறும். அதைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டு வாசனையே அதுதான்.

நோட்டீசை மூன்று முறை படித்தேன். ஏழெட்டு வருடமாக சித்தப்பாவிடம் சரக்கு எடுத்துக்கொண்டிருந்த மொத்த வியாபாரியின் சார்பில் அனுப்பியிருந்தார்கள். இன்ன பெயர் எங்கள் கட்சிக்காரரின் பதிவுசெய்யப்பட்ட டிரேட்மார்க். அதை நீங்கள் செருப்பிலும் பெட்டியிலும் அச்சிடுவது சட்டவிரோதம். பதினைந்து நாளில் நிறுத்த வேண்டும், இருக்கிற சரக்கை ஒப்படைக்க வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும்.

அந்த 'இன்ன பெயர்' என் ஆயாவின் பெயர். அதாவது சித்தப்பாவைப் பெற்றவளின் பெயர். விவகாரம் நடந்துகொண்டிருப்பதால் அதை இங்கே எழுதவில்லை.

ஆயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபதுகளில் இந்தப் பக்கத்துத் தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலிலிருந்து மயிர் நீக்குகிற வேலை. என் நினைவில் அவள் விரல் நகங்கள் எப்போதும் மஞ்சளாகத்தான் இருக்கும். 2009-இல் இறந்துபோனாள். 2013-இல் சித்தப்பா சொந்தமாகப் பட்டறை போட்டபோது அவள் பெயரை வைத்தார். வீட்டில் பெரிய சண்டை. "பெத்தவ பேர செருப்புல போடுவியா, கால்ல மிதிப்பாங்களே" என்று அத்தை அழுதார். "செருப்பு தெச்சிதான் நம்ம சாப்பிடறோம். கோயில்லயா வெக்கச் சொல்ற?" என்று சித்தப்பா திருப்பிக் கேட்டார். பாரிமுனையில் பித்தளை டை ஒன்று செய்து வாங்கி வந்தார். குதிகால் பக்கத்தில், கால் படாத ஓரமாக, அந்தப் பெயர் விழும்படி அடிப்பார். அத்தைக்காகச் செய்த சமரசம் அது.

இப்போது அந்தப் பெயர் இன்னொருவருக்குச் சொந்தம் என்று கிண்டியில் பதிவாகியிருக்கிறது.

நான் சமூகவியலில் முதுகலை படித்தவள். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் சொன்னதை எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகள் எனக்கு மனப்பாடம். ஆனால் டிரேட்மார்க் என்றால் ஒரு எழுத்துக்கு மேலே போடுகிற குட்டி ஆர் என்பதற்கு மேல் அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. அதெல்லாம் பெரிய கம்பெனிகளின் சண்டை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். நம் இயக்கங்களிலும் இந்தப் பேச்சு வருவதில்லை. நிலம் பேசுகிறோம், இடஒதுக்கீடு பேசுகிறோம், கூலி பேசுகிறோம். நம் ஆட்கள் தொழில் தொடங்கியபின் என்ன ஆகிறார்கள் என்பதை மட்டும் பேசுவதில்லை. இத்தனைக்கும் பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கியவர் அம்பேத்கர். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிப்போக, அது படுத்துவிட்டது என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

அதே வாரங்களில்தான் கோலாப்பூர் செருப்புச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஜூனில் மிலான் நகரத்து ஃபேஷன் ஷோவில் பிராடா நிறுவனத்தின் மாடல்கள் அச்சு அசலாகக் கோலாப்பூர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். 'தோல் செருப்பு' என்று மட்டும் குறிப்பு. இந்தியாவின் பெயர்கூட இல்லை. எல்லோரும் கொதித்தார்கள், நம் தோழர்களும்தான். நானும் இரண்டு பதிவுகளைப் பகிர்ந்தேன். பிறகு பிராடா, இந்தியக் கைவினைதான் தூண்டுதல் என்று ஒப்புக்கொண்டது.

ஆனால் அதற்கடுத்து நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. நஷ்டஈடு கேட்டு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் போடப்பட்ட பொதுநல வழக்கு ஜூலையிலேயே தள்ளுபடியானது. புவிசார் குறியீட்டின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள்தான் வரவேண்டும், நீங்கள் யார் என்று நீதிமன்றம் கேட்டது. பதிவு யார் பெயரில் இருக்கிறது? 2018-19-இல் அந்தக் குறியீடு மகாராஷ்டிராவின் சந்த் ரோகிதாஸ் தோல் தொழில் கழகத்துக்கும், கர்நாடகாவின் பாபு ஜெகஜீவன் ராம் தோல் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கும் கூட்டாகக் கொடுக்கப்பட்டது. இரண்டும் அரசு நிறுவனங்கள். இரண்டு மாநிலங்களிலும் நான்கு நான்கு மாவட்டங்கள் அதில் வருகின்றன. டிசம்பரில் பிராடா அந்த இரண்டு கழகங்களோடு ஒப்பந்தம் போட்டது. சுமார் 2,000 ஜோடி, ஜோடி ஏறத்தாழ 800 யூரோ.

அங்கே தைக்கிற சாம்பார், டோர் குடும்பங்களுக்கு நேரடியாக வழி இல்லையா என்றால், இருக்கிறது. 1999-ஆம் வருடத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி உற்பத்தி செய்கிற ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிந்தவருக்குத் தானே வழக்குப் போடும் உரிமை உண்டு. 500 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை 2020-இல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய், தோழர்களே. டீ விலை. அந்தப் பத்து ரூபாய் விஷயத்தைத் தைக்கிறவர் காதில் போட யாரும் இல்லாததுதான் பிரச்சினை.

இன்னொன்று. இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் டெல்லியிலோ மும்பையிலோ இல்லை. கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. கோலாப்பூர் செருப்பின் காகிதங்களும் அங்கேதான் வந்தன. டிரேட்மார்க் பதிவகத்தின் சென்னை அலுவலகமும் அங்கேதான். அதே சாலையில் தெற்கே வந்தால் குரோம்பேட்டை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் அந்த ஊருக்கு அந்தப் பெயர். ஒரு ஊரின் பெயரே தோல் பதனிடும் ரசாயனத்திலிருந்து வந்திருக்கிறது. தோலைப் பதனிட்டவர்கள் பெயரில் அங்கே ஒரு தெருவாவது இருக்கிறதா என்று நான் தேடியிருக்கிறேன். என் கண்ணில் படவில்லை. தமிழ்நாட்டின் புவிசார் குறியீட்டுப் பட்டியலில் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாறுகளில் பதனிட்ட நம் தோலும் இருக்கிறது. அதன் பெயர் 'ஈ.ஐ. லெதர்', அதாவது கிழக்கிந்தியத் தோல். கம்பெனிக்காரன் போய் எவ்வளவு காலமாயிற்று, பெயர் மட்டும் அவன் வைத்ததே நிற்கிறது.

சித்தப்பா கதைக்கு வருகிறேன்.

வக்கீல் வைக்கக் காசு இல்லை. இங்கே ஒரு விஷயம், இதைப் படிக்கிற மாணவர்கள் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். 1987-ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர் யாராக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறலாம். வருமான வரம்பு கிடையாது. கிரிமினல் வழக்கு என்றில்லை, சிவில் வழக்குக்கும் உண்டு. பெண்களுக்கும் அப்படியே. நாம் இதை வன்கொடுமை வழக்குக்கு மட்டும் பயன்படுத்திப் பழகிவிட்டோம். ஒரு டிரேட்மார்க் விவகாரத்துக்கு வந்து நிற்கிற செருப்புத் தொழிலாளியை அங்கிருந்தவர்கள் கொஞ்சம் வியப்போடுதான் பார்த்தார்கள். ஆனால் ஒரு பெண் வக்கீலை ஒதுக்கினார்கள். எங்கள் நல்ல நேரம், அவருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருந்தது.

அவர் முதலில் கேட்ட கேள்வி: "அண்ணே, நீங்கதான் மொதல்ல இந்தப் பேர யூஸ் பண்ணீங்கன்னு காட்ட என்ன இருக்கு?"

ஏனென்றால் நம் நாட்டுச் சட்டத்தில் பதிவு செய்தவனைவிட முதலில் பயன்படுத்தியவன் பெரியவன். 1999-ஆம் வருடத்து டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு கேள்விப்பட்டிருப்பீர்கள். நெல்லையப்பர் கோயில் எதிரே பெயர்ப்பலகைகூட இல்லாத கடை. இன்னொருவர் அந்தப் பெயரோடு 'திருநெல்வேலி'யைச் சேர்த்துத் தானும் பதிவு வாங்கி வைத்திருந்தார். 2015-இல் உச்சநீதிமன்றம் பழைய கடைக்காரர் பக்கமே நின்றது. முன்பே பயன்படுத்தியவரின் உரிமை பதிவால் கிடைத்த உரிமையைவிட மேலானது என்றது.

"அப்ப நம்ம ஜெயிச்சிடுவோம்" என்றார் சித்தப்பா.

"காட்டணும் அண்ணே. பில்லு, பெட்டி, விளம்பரம், ஏதாவது ஒண்ணு. உங்க பேரும் அந்தப் பேரும் ஒண்ணா இருக்கற காயிதம்."

சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து டீக்கடையில்தான் சொன்னார்.

ஆரம்பத்தில் பெட்டியில் நாகல்கேணி என்று விலாசம் போட்டுத்தான் அடித்திருக்கிறார். 2018-இல் இந்த வியாபாரி வந்தார். சரக்கு பிரமாதம், மாதம் இருநூறு ஜோடி எடுக்கிறேன், ஆனால் விலாசத்தை எடுத்துவிடு என்றார். ஏரியா பெயரைப் பார்த்தால் ஜனங்கள் தோல் ஷாப்பு நாற்றம் என்று நினைப்பார்களாம். உன் பெயரும் வேண்டாம், பிராண்டு பெயர் மட்டும் இருக்கட்டும், கிளாசாக இருக்கும் என்றாராம்.

"நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"அதுக்கு முன்னாடி நானே கடை கடையா ஏறி எறங்குனேன் பாப்பா. சரக்கப் பாத்து நல்லா இருக்குன்னுவான். அப்புறம் எந்த ஏரியா, எந்தத் தெருன்னு கேப்பான். தெரு பேரச் சொன்னதும் மூஞ்சி மாறிடும். அப்புறம் சொல்லி அனுப்பறேன்னுவான். இவன் ஒருத்தன்தான் எடுத்துக்கறேன்னான்."

எந்தத் தெரு என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த டீக்கடையில்தான் எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. யார் தன் பெயரையும் ஊரையும் சந்தையில் வெளிப்படையாகப் போட்டுக்கொள்கிறார்களோ அவர்களைச் சட்டம் காப்பாற்றும். நமக்கு அதே பெயரையும் தெருவையும் மறைத்தால்தான் சரக்கு விற்கும். ஏழெட்டு வருடம் மறைத்து விற்றதில் அவர் தனக்கிருந்த ஆதாரத்தைத் தானே அழித்திருக்கிறார். அந்த வியாபாரி 2022-இல் விண்ணப்பம் போட்டு, 2018 முதல் நானே பயன்படுத்துகிறேன் என்று எழுதியிருக்கிறார். அதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது பாருங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அது டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். நாகல்கேணி சந்துக்கு அந்த ஜர்னல் எப்படி வரும்? அந்த நான்கு மாதம் எங்களுக்குத் தெரியாமலேயே போயிருந்தது. இனி பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரி மனுப் போடுவதுதான் வழி, பதிவகத்திலோ உயர்நீதிமன்றத்திலோ போடலாம் என்றார் வக்கீல். நல்லவேளை உடனே வந்தீர்கள், தெரிந்தும் ஐந்து வருடம் சும்மா இருந்திருந்தால் அதையும் கேட்க முடியாமல் போயிருக்கும் என்றார்.

இரண்டு வாரம் வீட்டைப் புரட்டினோம். டை செய்த ரசீது கிடைக்கவில்லை. பழைய பெட்டி ஒன்று கிடைத்தது, அத்தை அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தார். விலாசம் இருக்கிறது, ஆனால் தேதி இல்லை. கடைசியில் பீரோவின் அடித்தட்டில், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல்களோடு சேர்த்துக் கட்டிய ஒரு ஃபைல் கிடைத்தது. 2014-இல் தாட்கோ கடனுக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். அதில் தொழிலின் பெயர் என்ற இடத்தில் ஆயாவின் பெயர், உரிமையாளர் பெயர் சித்தப்பா, விலாசம் நாகல்கேணி. கூடவே செருப்பின் போட்டோ, டை அடித்த இடம் தெளிவாகத் தெரிகிறது. பெறப்பட்டது என்று தேதியோடு முத்திரை.

எங்கும் மறைத்த மனிதர், சாதியைச் சொல்லித்தான் கடன் கிடைக்கும் என்பதால் அந்த ஓரிடத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஒன்றாக எழுதியிருக்கிறார்.

வக்கீல் அந்த ஃபைலை இரண்டு கையால் வாங்கிக்கொண்டார்.

பணப் பாக்கியையும் அவரே கிளறினார். நோட்டீஸ் அனுப்பியவர் சித்தப்பாவுக்கு 1,86,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தார். ஆறு மாதத்துச் சரக்கு. 2006-ஆம் வருடத்துக் குறு, சிறு தொழில் சட்டப்படி, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென்று மாநிலத்தில் தனிக் கவுன்சில் இருக்கிறது, புகாரை ஆன்லைனிலேயே கொடுக்கலாம். இதற்கு உத்யம் பதிவு வேண்டும், அது இலவசம். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும் என்று 2021-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அது சரியா என்ற கேள்வி 2025-இல் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் அந்த விவாதத்தை நம்பி உட்கார வேண்டாம், முதலிலேயே பதிந்துவிடுவது நல்லது. கொரோனா காலத்தில் கடன் கிடைக்கும் என்று யாரோ சொல்லி சித்தப்பா பதிந்து வைத்திருந்தார். கடன் கிடைக்கவில்லை, அந்தப் பதிவு இப்போது உதவுகிறது. டிரேட்மார்க் விண்ணப்பத்துக்கு மற்றவர்கள் ஆன்லைனில் 9,000 ரூபாய் கட்டும் இடத்தில் தனிநபரும் சிறு நிறுவனமும் 4,500 கட்டினால் போதும் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைய கட்டணத்தை 2013-இலேயே கட்டியிருக்கலாமே என்று சொல்லத் தோன்றும். அப்போது அவரிடம் இருந்த முதலே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

புது டிசைன் செய்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. 2000-ஆம் வருடத்து டிசைன் சட்டப்படி பதிவு கேட்கிற வடிவம் அதற்கு முன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. பெருமைக்கு ஒரு போட்டோ போட்டுவிட்டுப் பிறகு பதியப் போனால் புதுமை போச்சு என்பார்கள். முதலில் விண்ணப்பம், அப்புறம் லைக்.

பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான். 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் செய்த பாட்டு. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இல்லை. பா. ரஞ்சித் கேட்டபிறகுதான் ஊரே கேட்டது. அடுத்த வருடம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. யார் எவ்வளவு செய்தார்கள் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் 2012 திருத்தத்துக்குப் பின் சினிமாப் பாட்டாக இருந்தாலும் ஆல்பமாக இருந்தாலும் பாடலாசிரியர் தன் ராயல்டிப் பங்கைப் பதிப்புரிமைச் சங்கங்களுக்கும் வாரிசுக்கும் தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்பதை நம் கானா பாடகர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? சானடோரியம் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் நான் கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை.

ஒரு விமர்சனத்தையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர், இதெல்லாம் முதலாளித்துவச் சொத்துரிமை, உழைக்கிறவர்கள் ஏன் இதற்குள் போகவேண்டும் என்று கேட்டார். கேள்வி தப்பில்லை, ஒரு பெயரை ஒருவருக்கு மட்டும் என்று பூட்டி வைப்பதில் எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அந்த நண்பர் குடும்பத்துக்கு மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாக ஒரு கடை இருக்கிறது, வாசலில் தாத்தா பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை யாராவது எடுத்துக்கொண்டால் அவர் இதே கேள்வியைக் கேட்பாரா என்று தெரியவில்லை. கேட்டால் நானும் யோசிக்கிறேன்.

மனு போட்டாயிற்று. நோட்டீசுக்குப் பதிலும் அனுப்பியாயிற்று. எதிர்தரப்பு இன்னும் பதில் மனுத் தாக்கல் செய்யவில்லை. வியாபாரம் பாதியாகிவிட்டது, ஐந்து பேரில் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா அதே டையைத்தான் அடிக்கிறார். முன்பயன்பாடு நம்முடையது, நிறுத்தாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். புதுப் பெட்டிகள் வந்திருக்கின்றன. மூடியில் பெயர், பக்கவாட்டில் சித்தப்பா பெயர், அதற்குக் கீழே தெருப் பெயரோடு விலாசம். முதல் கட்டு பிரித்தபோது அவர் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுத்து கொஞ்சம் பெருசா போச்சோ?" என்றார். இல்லை என்றேன்.

போன வாரம் அவர் பெயரிலேயே பதிவுக்கான விண்ணப்பத்தை நிரப்பினோம். செருப்புக்கு 25-ஆம் வகுப்பு, தோல் பைக்கு 18. எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற கட்டம் வந்தது. 2013 என்று எழுதப் போனார் வக்கீல்.

"ஆயா அறுபத்து மூணுலயே தோல் ஷாப்புக்குப் போனாம்மா," என்றார் சித்தப்பா. "அத போட முடியாதா?"

முடியாது அண்ணே என்று வக்கீல் சிரித்தார். பிறகு 2013 என்று எழுதினார்.